பரிசீலனையில் உள்ளது: கிரெடிட் கார்டு கேள்வி பதில்

போன இதழில் கிரெடிட் கார்டு விண்ணப்பம் பற்றிப் போகிறபோக்கில் ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் ஆசிரியர் குழு ஒரு துணிப்பையில் போட்டு அனுப்பிவிட்டது. ஆகவே இந்த இதழ் முழுக்க அந்தப் பைக்கே. ஒரு தனியார் வங்கியின் கார்டு பிரிவில் 24 வருஷம் உட்கார்ந்து விண்ணப்பங்களில் 'சரி', 'வேண்டாம்' எழுதிய ஆள் நான். கேள்வி கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. ஊர் மட்டும் போதும்.

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கைக்கு மாதம் 31,000 ரூபாய். இதுவரை எந்தக் கடனும் வாங்கியதில்லை. வங்கி ஆப்பில் விண்ணப்பித்து 23 நாள் ஆகிறது. 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரியைத் தவிர ஒன்றும் காணோம். என் அறைத்தோழனுக்கு அதே வங்கியில் பத்து நிமிஷத்தில் ஒப்புதல் வந்தது. என் சம்பளச் சீட்டு மேன்பவர் கான்ட்ராக்டர் பெயரில் வரும். அதனால் இருக்குமா மேடம்? (ஓசூர்)

கேள்வியின் கடைசி வரியில் பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி. இருந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் பையில் இருக்கும் பாதிக் கடிதங்கள் இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்கின்றன.

'பரிசீலனையில் உள்ளது' என்றால் யாரோ ஒருவர் கன்னத்தில் கை வைத்து உங்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் யாருமே யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு தாள் இன்னொரு தாளோடு ஒத்துப்போகாமல் ஃபைல் ஒரு வரிசையில் நிற்கும். அவ்வளவுதான்.

நீங்கள் பட்டனை அழுத்தியதும் முதலில் மிஷின்தான் பார்க்கிறது. பான் எண் வருமான வரித் துறையின் பதிவோடு பொருந்துகிறதா, பிறந்த தேதி சரியா, இதே ஆள் ஏற்கெனவே நம்மிடம் விண்ணப்பித்துத் தள்ளப்பட்டவரா என்று அலசும். இந்தக் கடைசி வேலைக்கு எங்கள் பாஷையில் 'டீட்யூப்' என்று பெயர். அடுத்து சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்றிடமிருந்து உங்கள் அறிக்கையை இழுக்கும். ஸ்கோர் (பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கு அந்த நிறுவனம் போடும் மதிப்பெண்), வயது, ஊர், வேலை பார்க்கும் நிறுவனம், சம்பளம், இருக்கும் தவணைகள் எல்லாவற்றையும் வங்கியின் விதிகளோடு ஒப்பிடும். இத்தனைக்கும் சில விநாடிகள் போதும்.

மிஷினிடம் மூன்று பதில் உண்டு. 'சரி', 'வேண்டாம்', மூன்றாவது 'ரெஃபர்'. அதாவது, எனக்குப் புரியவில்லை, ஒரு மனுஷர் பார்க்கட்டும். உங்கள் தோழனுக்கு முதல் பதில் வந்தது. அவருடைய சம்பளக் கணக்கு அந்த வங்கியிலேயே இருந்திருக்கும், விசாரித்துப் பாருங்கள். மாதாமாதம் சம்பளம் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வங்கி அவரிடம் கேட்க என்ன இருக்கிறது? நீங்கள் ரெஃபரில் விழுந்திருக்கிறீர்கள். பத்து நிமிஷத்தில் வந்தால் மிஷினின் பதில், இருபது நாள் தாண்டினால் ஒரு மனுஷர் கை பட்டிருக்கிறது. அந்த வகையில் உங்களுக்கு இன்னும் கதவு மூடவில்லை.

உங்கள் ஃபைலைத் திறக்கும் அதிகாரி என்ன பார்ப்பார்? நிறுவனம் என்ற கட்டத்தில் தொழிற்சாலையின் பெயரை நிரப்பியிருப்பீர்கள். சம்பளச் சீட்டில் கான்ட்ராக்டர் பெயர். பாஸ்புக்கில் சம்பளம் விழுந்த வரியில் இன்னொரு சுருக்கப் பெயர். ஆக, ஒரே ஆளுக்கு மூன்று முதலாளி. சந்தேகம் தீர அலுவலகச் சரிபார்ப்புக்கு அனுப்புவார். ஏஜென்சிப் பையன் டூவீலரில் தொழிற்சாலை கேட்டுக்கு வந்து உங்கள் பெயரைச் சொல்வான். செக்யூரிட்டி ரெஜிஸ்டரைப் புரட்டி, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ரெஜிஸ்டரில் நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டும்தான். பையன் அதை அப்படியே அறிக்கையில் எழுதிவிடுவான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலிருந்து இந்த ஒரு வரியோடு திரும்பி வந்த ஃபைல்கள் என் மேஜையில் எத்தனை கிடந்தன என்று எனக்கே கணக்கில்லை. ஆரம்பத்தில் நானும் ஒழுங்காக 'வேண்டாம்' எழுதித் தள்ளினேன். ஒரு பையன் பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேரில் வந்து என் முன்னால் விரித்துக் காட்டிய பிறகுதான் புத்தி வந்தது.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு "கார்டு எப்ப வரும்?" என்று கேட்காதீர்கள். "ஃபைல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்தச் சான்று குறைகிறது?" என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயரைக் கான்ட்ராக்டர் பெயராக மாற்றச் சொல்லுங்கள். பி.எஃப். பாஸ்புக்கில் அந்த நிறுவனத்தின் பெயரும் மாதாமாதம் கட்டிய தொகையும் இருக்கும். அதையும் அடையாள அட்டையையும் கொடுங்கள்.

கடனே வாங்கியதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டில் அது நல்ல பிள்ளைக்கு அடையாளம். ஸ்கோர் போடும் மிஷினுக்கு நீங்கள் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை, முன்பின் தெரியாதவர். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவரைத் தள்ளாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. சரி, தள்ளவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறோம் என்கின்றன வங்கிகள்.

ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் ஒரு இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக ஒட்டியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். வீடியோ கே.ஒய்.சி. (வீடியோ அழைப்பில் அடையாளச் சரிபார்ப்பு) இரண்டு முறை முடித்தும் 'சரிபார்ப்பில்' என்றே வருகிறது. நான் ஒரே ஆள்தான் என்று எப்படி நிரூபிப்பது? (மயிலாடுதுறை)

அம்மா, தமிழ்நாட்டுப் பெயர்களுக்கும் வடக்கே எழுதப்பட்ட மென்பொருளுக்கும் நடக்கும் தீராத வழக்கு இது. குடும்பப் பெயர் என்று ஒன்று எல்லாருக்கும் இருக்கும் என்று படிவம் நம்புகிறது. நமக்கு ஏது? இனிஷியல் போட்டால் பான் விண்ணப்பம் ஏற்காது, ஆகவே அப்பா பெயரை விரித்து எழுதினோம். உங்கள் பான் எண்ணின் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். தனிநபர்களுக்கு அது குடும்பப் பெயரின் முதலெழுத்து. நம்மில் பெரும்பாலோருக்கு அது அப்பாவின் எழுத்தாகத்தான் இருக்கும். கே. முருகன் என்று ஊரெல்லாம் அழைக்கப்படுகிறவர் பான் கார்டில் முருகன் கந்தசாமி ஆகிவிடுவார். சிலருக்கு கந்தசாமி முருகன். மிஷின் இரண்டையும் பக்கத்தில் வைத்து இத்தனை சதவீதம் பொருத்தம் என்று மதிப்பெண் போடும். குறைந்தால் ரெஃபர்.

உங்களுக்குத் தேவை பானிலும் ஆதாரிலும் ஒரே பெயர். பான் கார்டில் இருப்பதுபோல ஆதாரைத் திருத்துவதா, ஆதார்போல பானைத் திருத்துவதா என்று கேட்பீர்கள். வங்கி, வரி, பி.எஃப். என்று பணம் சம்பந்தப்பட்ட எல்லாமே பானைச் சுற்றி நிற்கின்றன. அதைத் தொடாமல் ஆதாரை மாற்றுங்கள் என்பது என் கட்சி. பாஸ்போர்ட்டை இந்த விண்ணப்பத்தில் காட்டவே வேண்டாம். கேட்காத தாளைக் கொடுத்து மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

வீடியோ அழைப்பு முடிந்த பிறகும் ஏன் நிற்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீடியோவில் உங்களோடு பேசியவர் 'சரி' சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பதிவை வேறொருவர் தணிக்கை செய்த பிறகுதான் கணக்கு நடைமுறைக்கு வரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த இரண்டாவது ஆளுக்கு பான் கார்டு மங்கலாகத் தெரிந்தாலோ நடுவில் குரல் அறுந்திருந்தாலோ மறுபடி முதலிலிருந்து. ஜன்னலுக்கு எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். லேமினேஷன் போட்ட பான் கார்டு டியூப் லைட்டில் பளபளத்து எழுத்தே தெரியாமல் போகும்.

பெயர் பொருந்தாததைவிட மோசம், பெயர் அதிகமாகப் பொருந்திவிடுவது. எங்கள் தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்டதுதான் பிறந்த தேதி. ஜூன் மாதம் பள்ளி திறக்கும், ஆகவே மே கடைசி, ஜூன் முதல் தேதிகளில் பிறந்த முருகன்களும் செல்விகளும் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். ஒருவர் கட்டாத டிராக்டர் கடன் இன்னொருவர் அறிக்கையில் ஏறி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். எங்கோ வங்கிக் கிளையில் பான் எண் வாங்காமல் பதிந்த பழைய கடன் அது. பெயர், தேதி, மாவட்டம் மூன்றும் ஒத்துப்போனதும் மிஷின் இரண்டு பேரை ஒருவராக்கிவிட்டது. அவருக்கு அதை அவிழ்க்க எட்டு மாதம் ஆனது. இப்போது கொஞ்சம் பரவாயில்லை. நீங்கள் தவறைச் சுட்டிக்காட்டியும் 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் வங்கியோ கடன் தகவல் நிறுவனமோ நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரலில் இருந்து இது நடைமுறை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு நானே ஒரு கார்டு கேட்டேன். ஒரு மாதம் வரவில்லை. விசாரித்தால், 'முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை'. சென்னையில் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. நான் புதிய எண்ணை எழுதினேன், சரிபார்க்க வந்த பையன் பார்த்த கதவில் பழைய எண் பெயின்ட் அடித்திருந்தது. நம்மை ஏமாற்ற எத்தனை பேர் பொய் முகவரி எழுதியிருப்பார்கள் என்று 24 வருஷம் சந்தேகப்பட்டவளுக்கு இது வேண்டியதுதான் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். இரண்டு எண்ணையும் எழுதுங்கள், எதிரே இருக்கும் கோயிலையோ டீக்கடையையோ அடையாளமாகச் சேருங்கள்.

பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். வருஷம் 52 லட்சம் புரள்கிறது. மெஷின் கடனுக்கு மாதம் 18,400 தவணை, ஒரு நாள் தவறியதில்லை. ஸ்கோர் 781. இரண்டு மாதம் இழுத்தடித்து 'வருமானம் போதாது' என்று தள்ளிவிட்டார்கள். வங்கிக்கு என் கணக்கில் ஓடும் பணம் தெரியாதா? (திருப்பூர்)

தெரியும் ஐயா. உங்கள் வருமான வரிக் கணக்கும் தெரியும். அங்கேதான் சிக்கல்.

உத்தேச வருமான முறையில் கணக்குத் தாக்கல் செய்கிறீர்கள் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருந்தீர்கள். வங்கி வழியாக வரும் வரவுக்குக் குறைந்தபட்சம் 6 சதவீதம் லாபம் காட்டினால் போதும் என்பது அதன் விதி. உங்கள் ஆடிட்டர் அந்தக் குறைந்தபட்சத்தையே போட்டிருப்பார். 52 லட்சத்தில் 6 சதவீதம் 3,12,000. மாதத்துக்கு 26,000. அதில் 18,400 தவணைக்குப் போகிறது. அதாவது 100 ரூபாய் சம்பாத்தியத்தில் 70 ரூபாய்க்கு மேல் ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது. பாதியைத் தாண்டினாலே எங்கள் பேனா தயங்கும். உங்கள் ஃபைல் என் மேஜைக்கு வந்திருந்தாலும் இதே பதில்தான்.

வரித்துறைக்கு 26,000 என்று சொல்லிவிட்டு, வங்கியிடம் 'உண்மையில் அதைவிட மூன்று மடங்கு' என்று சொன்னால் எதை நம்புவது? 6 சதவீதம் என்பது அடிமட்டம். உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அதிகமாகவே காட்டலாம், காட்டவும் வேண்டும். கூட வரும் வரியைக் கடன் வாங்கும் தகுதிக்கான செலவாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷம் அப்படித் தாக்கல் செய்துவிட்டுப் போங்கள்.

இரண்டு மாதம் ஏன் இழுத்தார்கள் என்றால், தொழில் செய்பவர்களின் ஃபைல் அபூர்வமாகத்தான் மிஷினிலேயே முடியும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், நடப்புக் கணக்கு அறிக்கை, வரிக் கணக்கு மூன்றையும் ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். விண்ணப்பிக்கும் முன் மாமனாரிடம் கைமாற்று வாங்கி மூன்று லட்சம் ரொக்கமாகக் கணக்கில் கட்டியதாகவும் கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, அதை ஏன் செய்தீர்கள்? இருப்பைக் கூட்டிக் காட்ட நினைத்தீர்கள். பார்ப்பவருக்கு அது கேள்விக்குறியாகத்தான் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். வாழ்க்கையில் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. பென்ஷன் வரும் வங்கியிலேயே கார்டு கேட்டேன். 'கடன் தவணை நிலுவை' என்று மறுக்கிறார்கள். அநியாயம் இல்லையா? (திண்டுக்கல்)

உங்கள் மகனோ மகளோ பொறியியல் படித்தார்களா ஐயா? கல்விக் கடன் வாங்கினார்களா?

கல்விக் கடனில் மாணவர் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை. பெற்றோரும் கூட்டுக் கடனாளி. அன்று கிளை மேலாளர் 'இங்கே ஒரு கையெழுத்து' என்று விரலைக் காட்டிய இடத்தில் போட்டிருப்பீர்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும். பையனுக்கு வேலை கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுபடி வரும் என்று யாரோ சொல்லக் காத்திருந்தான். 90 நாள் தவறினால் அது வாராக்கடன். அவன் அறிக்கையிலும் ஏறும், உங்கள் அறிக்கையிலும் ஏறும். தமிழ்நாட்டில் அப்பாக்களின் ஸ்கோரைக் கெடுத்ததில் கல்விக் கடனுக்கு முதலிடம் தருவேன். இரண்டாமிடம் மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்துக்கு. மூன்றாவது, வட்டி கட்ட மறந்த நகைக்கடன். நகைதான் அவர்களிடம் இருக்கிறதே என்று நாம் அசட்டையாக இருப்போம், நிலுவை அறிக்கையில் ஏறிவிடும்.

சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, அந்தப் பயம் வேண்டாம். அதில் ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னக் கட்டங்கள் இருக்கும். 000 என்றால் ஒழுங்காகக் கட்டியது. 030, 060, 090 என்றால் அத்தனை நாள் தாமதம். நாங்கள் ஸ்கோரைவிட இந்தக் கட்டங்களைத்தான் முதலில் பார்ப்போம். 760 ஸ்கோரில் போன மாதம் ஒரு 060 இருந்தால் கை நிற்கும். 700 ஸ்கோரில் இரண்டு வருஷமாக வரிசையாகப் பூஜ்யங்கள் இருந்தால் சரி என்று எழுதுவோம்.

கல்விக் கடன்தான் காரணம் என்றால் வங்கியிடம் பேசும்போது ஜாக்கிரதை. பாதித் தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்பார்கள். சந்தோஷமாக இருக்கும். ஆனால் அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று விழும். அந்த வார்த்தையை அடுத்த வங்கி 'முழுதாகத் தரவில்லை' என்றுதான் படிக்கும். முடிந்தால் வட்டியில் மட்டும் குறைப்புக் கேட்டு அசலை முழுதாக அடையுங்கள். கணக்கு 'குளோஸ்டு' என்றே பதிய வேண்டும் என்று பேச்சிலேயே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அடைத்த மறுநாளே கார்டு கேட்டு ஓடாதீர்கள். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் இருமுறையாவது இந்தத் தகவலைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன் மாதம் ஒருமுறைதான். நீங்கள் கட்டியது அறிக்கையில் தெரியக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

நான் இல்லத்தரசி. கணவருக்கு நல்ல சம்பளம். அவர் கார்டில் இணைப்பு கார்டு இருக்கிறது. என் பெயரில் தனியாக வேண்டும் என்று கேட்டால் எல்லா வங்கியும் கைவிரிக்கிறது. அம்மா கொடுத்த ஒரு லட்சம் டெபாசிட்டில் இருக்கிறது. (மதுரை)

விண்ணப்பிப்பவரின் சொந்த வருமானத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று விதி. கணவர் சம்பளம் கணக்கில் வராது. இணைப்பு கார்டில் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பொறுப்பு முழுக்க அவருடையது, பெயரும் அவருக்கே.

அம்மா கொடுத்த டெபாசிட் இருக்கிறதே, அப்புறம் என்ன? அதை அடமானம் வைத்து கார்டு தருகிறார்கள். சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள், அநேகமாகக் காத்திருக்கவும் வேண்டாம். டெபாசிட் தொகையில் முக்கால் பங்கிலிருந்து தொண்ணூறு சதவீதம் வரை செலவு வரம்பு வைப்பார்கள், வங்கிக்கு வங்கி மாறும். வட்டி உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். பால், மளிகை, கரன்ட் பில் என்று சின்னதாகப் போட்டு மாதாமாதம் முழுதாகக் கட்டுங்கள். ஒன்றரை வருஷத்தில் உங்கள் பெயருக்கு ஒரு வரலாறு இருக்கும். என் மருமகளுக்கு இதைத்தான் செய்யச் சொன்னேன்.

2022-இல் என் அக்காவுக்கு 28,000 சம்பளத்தில் உடனே கார்டு கிடைத்தது. இப்போது எனக்கு 35,000. ஸ்கோரும் அதிகம். ஆனாலும் இழுக்கிறார்கள். (கோயம்புத்தூர்)

நடுவில் 2023 நவம்பர் வந்துவிட்டது. ஈடு இல்லாத கடன் வேகமாகப் பெருகுகிறது என்று ரிசர்வ் வங்கி அப்போது கயிற்றை இறுக்கியது. வங்கிகளின் கார்டு பாக்கிக்கு அதுவரை 125 சதவீதமாக இருந்த இடர் எடை (கடனின் ஆபத்துக்கு ஏற்ப வங்கி எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதற்கான அளவுகோல்) 150 ஆனது. கடைக்காரர் கணக்கில் சொன்னால், கார்டில் 100 ரூபாய் பாக்கி நின்றால் வங்கி தன் சொந்த மூலதனத்தில் குறைந்தது 11 ரூபாய் 25 காசு ஒதுக்கிய இடத்தில் 13 ரூபாய் 50 காசு ஒதுக்க வேண்டும். சரக்கின் கொள்முதல் விலை ஏறினால் கடைக்காரர் ஆள் பார்த்துத்தானே கடன் கொடுப்பார். உங்கள் அக்காவின் ஃபைலே இன்று வந்தாலும் ரெஃபருக்குப் போயிருக்கலாம்.

ஒரு வங்கி தாமதம் செய்ததால் ஒன்பது நாளில் ஆறு வங்கியில் விண்ணப்பித்தேன். ஆறும் போய்விட்டது. (சென்னை)

போகாமல்? நீங்கள் ஒவ்வொரு முறை விண்ணப்பித்தபோதும் 'இன்னார் இன்ன தேதியில் கடன் கேட்டார்' என்று அறிக்கையில் ஒரு வரி ஏறியது. ஏழாவது வங்கிக்காரர் அதைத் திறந்தால், பத்து நாளுக்குள் ஊரெல்லாம் கதவைத் தட்டிய ஆள் என்று தெரியும். என்ன அவசரமோ, வேலை போய்விட்டதோ என்றுதான் யோசிப்பார். முதல் வங்கியில் எதற்கு நின்றது என்று ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். நாலைந்து மாசம் சும்மா இருங்கள்.

மாதக் கடைசியில் விண்ணப்பித்தால் சீக்கிரம் கிடைக்கும் என்கிறாரே கார்டு ஏஜென்ட்? (சேலம்)

அவருக்கு டார்கெட் முடியும், உங்களுக்கு இல்லை. கடைசி மூன்று நாளில் எல்லா ஏஜென்டும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். சரிபார்க்கும் பையன்கள் எண்ணிக்கை அதேதான்.

1,500 ரூபாய் அனுப்பினால் ஃபைலை மேலே நகர்த்துவதாக வங்கியிலிருந்து ஒருவர் பேசினார். (தூத்துக்குடி)

வங்கியிலிருந்து இல்லை. அனுப்பியிருந்தால் இந்தப் பக்கத்தை அப்படியே வைத்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள்.

நான் கேட்கவே இல்லை, ஒரு வங்கி கார்டு அனுப்பியிருக்கிறது. (நாகர்கோவில்)

கேட்டவர்களுக்கு வரவில்லை, கேட்காத வீட்டுக்குக் கதவைத் தட்டி வருகிறது! சம்மதம் இல்லாமல் கார்டு கொடுக்கக் கூடாது. 30 நாள் வரை நீங்கள் அதை இயக்காவிட்டால் ஓ.டி.பி. மூலம் சம்மதம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டால் ஏழு வேலை நாளுக்குள் அவர்களே மூட வேண்டும். அதற்குக் கட்டணம் என்று பில் அனுப்பினால், அதை ரத்து செய்வதோடு அதைப் போல் இரண்டு மடங்கை உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும். பில்லைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

ஏழு வாரம் காக்கவைத்து, 'எங்கள் உள் விதிகளின்படி தகுதி இல்லை' என்று ஒரு எஸ்.எம்.எஸ். காரணம் கேட்டால் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். யாரிடம் போவது? (திருச்சி)

சொல்லியே ஆக வேண்டும். விண்ணப்பத்தை மறுத்தால் அதற்கான குறிப்பிட்ட காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு கார்டு வழிகாட்டு நெறிகளிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 'உள் விதி' என்பது காரணமே இல்லை. நானும் அந்த வார்த்தையை ஆயிரம் முறை டைப் அடித்தவள்தான், அப்போது கேட்பார் இல்லை. இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: விண்ணப்ப எண் இது, மறுப்புக்கான குறிப்பிட்ட காரணத்தை எழுத்தில் தரவும். கோபத்தை அதில் கொட்டாதீர்கள். கோபம் இருக்கும் மின்னஞ்சலில் கேள்வி எது என்று தேட வேண்டியிருக்கும்.

30 நாளில் பதில் வராவிட்டால், வந்தும் மழுப்பலாக இருந்தால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. வழி தெரியாவிட்டால் 14448-ஐக் கூப்பிட்டால் சொல்வார்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கார்டு கொடு என்று குறைதீர்ப்பாளர் உத்தரவு போட மாட்டார், யாருக்குக் கடன் கொடுப்பது என்பது வங்கியின் வணிக முடிவு. காரணம் சொல்லவில்லை, விதியை மீறினார்கள் என்றுதான் நீங்கள் நிற்க வேண்டும். அந்தக் காரணம் கையில் கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், எந்தத் தாளால் நின்றது என்று பார்க்கலாம்.

இந்தத் தடவை பதினோரு பேர் பான் கார்டையும் ஆதாரையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். ஒருவர் கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணோடு. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் ஊர், வேலை, சம்பளம், எத்தனை நாளாகக் காத்திருக்கிறீர்கள், இவ்வளவு எழுதினால் போதும்.